குறை யாரிடத்தில்?

மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு உண்டு. நியாயம் என்ற இந்தியத் தர்க்க மரபின் பழைய பாடம் இது. அதே மலையைக் காட்டி, "மலை அறியப்படும் பொருள், ஆகவே அதில் நெருப்பு உண்டு" என்று ஒருவர் வாதிட்டால்? ஏரியும் அறியப்படும் பொருள்தான். அதில் நெருப்பு இல்லையே! நெருப்பு உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் ஒன்றுபோலப் பொருந்துகிற காரணம் எதையும் நிறுவாது. இப்படிப்பட்ட போலிக் காரணங்களைக் கௌதமரின் நியாய சூத்திரம் 5 வகையாகப் பிரித்தது. மணிமேகலைக் காப்பியத்தில் பௌத்தத் துறவி அறவண அடிகள், ஏதுப்போலி எனப்படும் இத்தகைய காரணங்கள் 14 என்று விரித்துரைக்கிறார்.

இவ்வளவு கூர்மையான தர்க்கம், தான் போற்றிய வேதத்தைப் பற்றிய கேள்வி வந்தபோது என்ன செய்தது? பிள்ளை வேண்டிச் செய்யும் புத்திரகாமேஷ்டி யாகம் செய்தும் பிள்ளை பிறக்கவில்லையே, அப்படியானால் வேதவாக்கு பொய்தானே என்ற ஆட்சேபத்தை நியாய சூத்திரமும் அதன் உரையுமே எழுப்புகின்றன. மறைக்காமல் எழுப்பியது நேர்மை. விடைதான் வேறு மாதிரி: சடங்கில் குறை இருந்திருக்கும், செய்தவரிடம் குறை இருந்திருக்கும், சாதனத்தில் குறை இருந்திருக்கும். வேதத்தில் மட்டும் குறை இருக்காது.

பிள்ளை பிறந்தால் யாகத்தின் மகிமை. பிறக்காவிட்டால் செய்தவரின் குற்றம். எது நடந்தாலும் தோற்காத வாதம் இது. தோற்கவே முடியாத வாதத்துக்கு, வென்றேன் என்று சொல்லவும் உரிமை கிடையாது.

இது ஏட்டோடு முடிந்த பிழை அல்ல. இன்றும் பரிகாரம் பலிக்காத வீட்டில், "நீ மனசார வேண்டியிருக்க மாட்டே" என்ற சொல் பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில்தான் விழுகிறது. பணம் போனது, காலம் போனது. அதன்மேல் பழியும் அவளுக்கு. போலிக் காரணத்தை அறிவுப் பிழை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடக் கூடாது. அது ஒரு மனிதரின் துயரத்தை அவர்மீதே குற்றச்சாட்டாகத் திருப்புகிறது. அது அநீதி.

கேள்வியைக் கடைசிவரை கொண்டுபோனவர்களும் இந்த மண்ணில் இருந்தார்கள். வேதத்தைப் பிரமாணமாகக் கொள்வதையும் சாதிச் செருக்கையும் அறிவு மழுங்கியதன் அடையாளங்களாக எழுதினார் பௌத்த தர்க்கவாதி தர்மகீர்த்தி.

ஆகவே, அடுத்த பரிகாரத்தை யாராவது எழுதித் தந்தால், அந்த இடத்திலேயே கேளுங்கள்: "எது நடந்தால் இது பொய் என்று ஒப்புக்கொள்வீர்கள்?" பதில் சொல்ல முடியாதவருக்கு உங்கள் பணத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பெண்ணைக் குறைசொல்லும் அதிகாரத்தை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.