விளக்கை அணைத்தலும் குறையைத் தீர்த்தலும்

பழுதுற்ற பொருளொன்றை விற்பவன் அதன் பழுதை வாங்குபவனுக்குச் சொல்லியே ஆகவேண்டுமா? இவ்வினா மிகப் பழையது. சொல்லிவிட்டால் அத்துடன் அவன் பொறுப்பு நீங்கிவிடுமா? இந்த இரண்டாவது வினாவை நாம் நூல்களிலிருந்து கற்கவில்லை. 2023ஆம் ஆண்டிலே, கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியை அடுத்த ஒழுங்கையொன்றில், சிறிய கராஜ் ஒன்றின் வாசலில் நின்றபோதுதான் அது எம்மை மறித்தது.

எம்மிடம் ஒரு ஹைபிரிட் கார் இருந்தது. 2012இல் செய்யப்பட்ட டொயோட்டா அக்குவா. யப்பானில் இரண்டு ஆண்டுகள் ஓடியபின் இங்கு இறக்குமதியாகி, வேறு கைகள் மாறி, 2018இல் தவணைக் கடனோடு எம்மிடம் வந்து சேர்ந்தது. வெள்ளவத்தையிற் குடியிருந்துகொண்டு மாலை வகுப்புகளுக்குக் கொட்டாஞ்சேனை வரை அலைகின்ற ஆசிரியனுக்கு அது ஆடம்பரமா, தேவையா என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும். பேருந்தில் தொங்கியபடி விடைத்தாள்களைக் காப்பாற்றிய அனுபவம் உள்ளவர்கள் எம்மை மன்னிப்பார்கள்.

ஒரே மாதத்தில் அவ்வண்டிக்கு இரண்டு நோய்கள் கண்டன. முதலாவது, இடப்புறப் பின் டயர் இரண்டு நாட்களுக்கொரு முறை காற்றிழந்து தொய்ந்தது. ஆணி ஏதும் தைத்திருக்கவில்லை. டயர்க் கடைக்காரர் சில்லைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார். டயரின் விளிம்பும் உலோக வளையமும் கூடுமிடத்தில் சின்னஞ்சிறு குமிழிகள் வரிசையாக எழுந்தன. கடற்கரை ஒழுங்கைகளில் நிற்கும் வண்டிகளுக்கு இது வழக்கமான வியாதி. உப்புக் காற்று உலோகத்தை அரித்து விளிம்பைச் சொரசொரப்பாக்கிவிடுகிறது. அவர் டயரைக் கழற்றி, வளையத்தைக் கம்பித் தூரிகையாற் சுரண்டித் துப்புரவாக்கி, பசை பூசி மீளப் பொருத்தினார். மறுபடி தண்ணீரில் அமிழ்த்தியபோது குமிழி இல்லை. எளிய வேலைதான். ஆயினும் அதிலுள்ள நேர்மை எமக்குப் பின்னரே புலப்பட்டது. குறையை அவரும் கண்டார், நாமும் கண்டோம். குறை தீர்ந்ததையும் இருவரும் கண்டோம். அந்தத் தொட்டியின் முன்னால் அறிந்தவன், அறியாதவன் என்ற பேதம் இருக்கவில்லை.

இரண்டாவது நோய் பற்றரியில். அக்குவாவின் பெரிய பற்றரி பின் இருக்கையின் கீழே இருக்கிறது. நிக்கல் உலோக ஐதரைட்டு வகையைச் சேர்ந்த இருபது கட்டைகள். கட்டையொன்றுக்கு ஆறு மின்கலங்கள். மொத்தம் நூற்றிருபது கலங்கள் சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாய் நின்று 144 வோல்ற் தருகின்றன. சங்கிலியில் எல்லாவற்றினூடாகவும் ஒரே மின்னோட்டமே பாய்கிறது. ஆகவே வலுக்குன்றிய கலம் மற்றவற்றுக்கு முன்னரே வெறுமையாகிறது; மின்னேற்றும்போதும் மற்றவற்றுக்கு முன்னரே நிரம்பித் தகிக்கிறது. அயலிலுள்ளவையும் அச்சூட்டினால் நலிகின்றன. கட்டைகளுக்கிடையே வேறுபாடு மிகும்போது வண்டியின் கணினி அதனை உணர்ந்து எச்சரிக்கை விளக்கை ஏற்றுகிறது.

பற்றரியைக் குளிர்விக்கும் காற்று, பின் இருக்கையின் அடிப்புறத்திலுள்ள துவாரத்தின் வழியே செல்லவேண்டும். அத்துவாரத்தை எமது விடைத்தாட் கட்டுகள் ஐந்தாண்டுகளாக அடைத்துக்கொண்டிருந்தன. கராஜ் இளைஞர் அவ்விடத்திலிருந்து அள்ளியெடுத்த தூசியைக் கண்டதும் எமக்கு நாணம் உண்டாயிற்று. எமக்கு முன்னிருந்தோரும் தம் பங்கைச் செய்திருப்பர். ஆயினும் அந்நோயில் எமது கையும் இருந்தது.

அவர் மூன்று வழிகளைச் சொன்னார். புதிய பற்றரி வாங்கலாம். அதன் விலை எம் போன்றோர் எட்டிப் பார்க்கவும் இயலாதது. இருபது கட்டைகளையும் தனித்தனியே மின்னேற்றி இறக்கிச் சோதித்து, நலிந்தவற்றை நீக்கி, ஒத்த வலுவுள்ளவற்றைச் சேர்க்கலாம். அதற்கும் ஓரளவு செலவுண்டு. மூன்றாவது மிக மலிவானது. "ஒரே ஒரு கட்டைய மாத்திருவோம் சேர். லைட் அணைஞ்சிரும். நாலஞ்சு மாசம் தாங்கும். அதுக்குள்ள வித்துருங்க." அவர் வஞ்சகமாகச் சொல்லவில்லை. மருத்துவர் மூன்று மருந்துகளின் பெயரைச் சொல்வதுபோலவே சொன்னார்.

வண்டியை விற்பதென நாம் ஏற்கெனவே தீர்மானித்திருந்தோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அப்போதும் திறக்கப்படவில்லை. 2022இல் நாடு கடனிறுக்க இயலாது விழுந்து, எரிபொருளை கியூஆர் அட்டை காட்டிப் பங்கீடாகப் பெற்ற காலமும் அண்மையிலேதான் கழிந்திருந்தது. எரிபொருளைச் சிக்கனமாகக் குடிக்கும் வண்டிக்குச் சந்தையில் எவ்வளவு கிராக்கி இருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

சட்டம் எம்மைத் தடுத்திராது. இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவி 1896இல் இயற்றப்பட்ட எமது பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வணிகனல்லாத ஒருவன் தன் பழம்பொருளை விற்குமிடத்து, பொய்யுரைக்காதவரை, பெரும்பாலும் வாங்குபவனையே விழிப்பாயிருக்கச் சொல்கிறது. நாம் பொய்யுரைக்கத் தேவையில்லை. அணைந்த விளக்கே எமக்காகப் பேசியிருக்கும்.

இவ்விடத்தில் சிசரோ நினைவுக்கு வருகிறார். கி.மு. 44இல் கடமைகளைப் பற்றி அவர் எழுதிய நூலில், ஸ்டோயிக் மெய்யியலார் இருவரின் வாதம் வருகிறது. நோய் தரும், மரம் உளுத்த வீடொன்றை, அக்குறைகளைத் தான் மட்டும் அறிந்த ஒருவன் விற்கிறான். அவன் வாய் திறக்கவேண்டுமா? அந்திப்பாத்தர் ஆமென்கிறார், அறிந்து மறைப்பது, வழி தவறியவனுக்கு வழி காட்டாமைக்கும் மேலான கொடுமை என்பது அவர் கட்சி. அவருடைய ஆசிரியரான டயோஜெனிஸ், எவரேனும் உன்னை வாங்குமாறு வற்புறுத்தினரா என்று திருப்பிக் கேட்கிறார். சிசரோ மாணவர் பக்கமே சாய்கிறார். எமது பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழ வந்தவிடத்து, பழிக்கு அஞ்சி மெய்யே பேசுதலை அவர்க்குரிய இயல்பாகக் கூறுகிறது. இவற்றையெல்லாம் வகுப்பிற் பாடமாக நடத்திவிட்டு மூன்றாவது வழியிற் செல்வது எமக்கு இயலாததாயிற்று. இதில் வீரம் ஏதுமில்லை. பிள்ளைகளின் முகங்கள் நினைவுக்கு வந்தன, அவ்வளவே.

எனவே வாங்க வந்தவரிடம் சொன்னோம். அவர் கொட்டாஞ்சேனைவாசி, முச்சக்கர வண்டியை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர், கார் ஒன்று கிடைத்தால் வாடகை ஓட்டத்தில் சற்றுக் கூடுதலாக உழைக்கலாமென்று நம்பியவர். பற்றரி நலிந்ததையும், கட்டைகள் ஒவ்வொன்றாய் விழக்கூடுமென்பதையும் விளக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டார். "எத்தன மாசம் தாங்கும் சேர்?" என்றார். தெரியாதென்றோம். சிறிது நேரம் நிலத்தைப் பார்த்துவிட்டு, "சரி, எடுக்கிறேன்" என்றார்.

அக்கணத்தில் எமக்கு ஏற்பட்ட நிம்மதியே ஐயத்துக்குரியது. உண்மையைச் சொல்லிவிட்டோம், இனி வருவது அவர் பாடு. அந்திப்பாத்தருக்கு அஞ்சிப் பேசிய நாம், பேசி முடித்ததும் டயோஜெனிசின் வீட்டிற்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டோம். எவர் அவரை வற்புறுத்தினர்? எவருமில்லை. இறக்குமதித் தடை வற்புறுத்தியது; நாள் வாடகை வற்புறுத்தியது; வீட்டில் உலை ஏறவேண்டிய அவசரம் வற்புறுத்தியது. எமது உண்மை அவர் கைக்குப் போனதும், பயன்படுத்த வழியில்லாத செல்லாக் காசாயிற்று. அறிவு அவருக்குக் கிடைத்தது, தெரிவு கிடைக்கவில்லை.

ஜோர்ஜ் அக்கர்லொவ் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் 1970இல் எழுதிய கட்டுரையொன்று பழைய கார்ச் சந்தையையே உதாரணமாகக் கொண்டது. நல்ல வண்டியையும் பழுது வண்டியையும் பிரித்தறிய இயலாத வாங்குவோர் இரண்டுக்கும் நடுவான விலையே தருவர். அவ்விலை கட்டாமையால் நல்ல வண்டிக்காரர் விலகுவர். முடிவிற் சந்தையிற் பழுதே மிஞ்சும் என்றார். இதற்காக 2001இல் நோபல் பரிசிற் பங்கும் பெற்றார். அவர் சொன்னது அறிவின் ஏற்றத்தாழ்வைப் பற்றி. குறையை முற்றாய் அறிந்தபின்னும் வேறு வழியின்றி வாங்குபவரின் நிலை அவ்வாதத்துக்குள் அடங்காது. அது உடைமையின் ஏற்றத்தாழ்வு.

ஆசிரியர் ஓய்வறையில் இதனை நண்பரொருவரிடம் கூறியபோது அவர் சிரித்தார். அமைப்பே கோணலாயிருக்கையில் தனிமனித ஒழுக்கத்தை நோண்டிக்கொண்டிருப்பது நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு என்றார். அமைப்பைப் பற்றி அவர் கூறியதை நாம் மறுக்கவில்லை. ஆயின் அந்த இளைஞருக்குத் தெரிவு ஏன் இல்லை என்பதை அமைப்பைக் கொண்டு விளக்கத் தெரிந்தவர்கள் நாமே. அவ்விளக்கம் அவருடைய சுமையைக் காட்டுவதற்கா, எமது சுமையை இறக்கி வைப்பதற்கா? சமூக விஞ்ஞானத்தைப் பாவமன்னிப்புச் சீட்டாக்கும் வழக்கம் எம்மவரிடையே சற்று மிகுந்துவிட்டது என்றே அஞ்சுகிறோம்.

மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு மீண்டும் கராஜுக்குப் போனோம். இரண்டாவது வழியையே தெரிந்தோம். இருபது கட்டைகளும் சோதிக்கப்பட்டன. மூன்று மிகவும் நலிந்திருந்தன, மற்றொன்று ஐயத்துக்குரியது. நான்கும் மாற்றப்பட்டன. செலவில் பாதி எமது. மறுபாதி விற்பனை விலையிலிருந்து ஒத்துக்கொண்டபடி. கணக்குப் பார்த்தால் எமது பங்கு இன்னும் கூடியிருக்கவேண்டும். கடன் இருந்தமையால் அதற்கு மேல் கை நீளவில்லை. கராஜ் இளைஞர் இருபது கட்டைகளின் அளவுகளையும் ஒரு தாளில் எழுதித் தந்தார். அத்தாளை அவரிடம் கொடுத்து, காற்றுத் துவாரத்தின் முன்னே பை வைக்கவேண்டாமென்றும் சொன்னோம். டயர்க்காரரின் தண்ணீர்த் தொட்டிக்கு ஈடாக எம்மாற் செய்ய முடிந்தது அந்தத் தாள் மட்டுமே.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. சில வாரங்களின் பின் அவர் எம்மைத் தேடி வெள்ளவத்தைக்கு வந்தார். விளக்கு மறுபடி எரிகிறது. விலை விழுமுன் வண்டியை விற்கவேண்டும். வாங்குவதற்குத் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான். காருக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்தார். மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன.

"இதையும் அவனுக்குக் குடுக்கணுமா சேர்?"

ஆமென்று சொல்ல வாயெடுத்தோம். அவருடைய மாதத் தவணை நினைவுக்கு வந்தது. எமக்கு மாதந்தோறும் வரும் சம்பளமும் நினைவுக்கு வந்தது. அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு முதலிற் கராஜுக்குப் போவோம் என்றோம். இம்முறை செலவில் யார் யாருக்கு எவ்வளவு என்பதைக் காலி வீதி நெரிசலில் நின்றபடி பேசத் தொடங்கினோம்.