புதிய ரிங்கும் பழைய வண்டியும்

உத்தரபாராத் தொழிற்சாலையில் 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரை விற்க மனம் வராமல், அதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினை இறக்கி, சிலிண்டரை ரீபோர் செய்து, புதிய பிஸ்டனும் ரிங்கும் பூட்டி மறுபடியும் ஓட்ட விரும்பும் அன்பர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர், வண்டியின்மேல் வைத்த வாத்ஸல்யத்தினாலேயே, அதைத் தெருவுக்குக் கொண்டுபோக அஞ்சி, ஷெட்டிலேயே நிறுத்தி நெடுநேரம் ஐடிலில் ஓடவிடுகிறார்கள். அந்த அன்பு எஞ்சினுக்குத் தீங்கே செய்கிறது.

சிலிண்டரின் சுவர் வழவழப்பாக இருப்பதே சிறப்பு என்று நாம் எண்ணினாலும், கைதேர்ந்த தொழிலாளி ஹோனிங் கல்லைக் கொண்டு அதன்மேல் குறுக்கு மறுக்காக நுண்ணிய கீறல்களை வேண்டுமென்றே உண்டாக்குகிறார். அக்கீறல்களின் பள்ளத்தில் எண்ணெய் தங்க, மேடுகள் ரிங்கோடு உராய்ந்து தேய்ந்து, சுவரும் ரிங்கும் ஒன்றோடொன்று படிகின்றன. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மாத்திரமன்று. எரியும் வாயு அதன் பின்புறம் புகுந்து வெளியே தள்ளுவதே பிரதான சக்தி. பாரமில்லாமல் நின்ற இடத்திலேயே ஓடும் எஞ்சினில் அந்தச் சக்தி போதாமையால், மேடுகள் தேய்வதற்கு முன்பே எண்ணெய் வெந்து சுவரில் மெருகாகப் படிந்துவிடும். அப்புறம் நீலப் புகையும் எண்ணெய்ச் செலவுந்தான். மறுபடி பிரிப்பதன்றி வேறு கதியில்லை.

ஐடில் ஆகாது என்பது முதல் ஸ்டார்ட்டுக்கும் பொருந்தும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் மீட்டரின் முள் எழும் வரையில் எஞ்சினைச் சுற்றவிட்ட பின்னரே உயிர் கொடுக்கவேண்டும். கொடுத்ததும் ஏறத்தாழ 2000 சுற்று வேகத்தில் இருபது நிமிஷம் ஓடவேண்டும். கிராங்க் வீசியெறியும் எண்ணெயை நம்பியே கேம்ஷாப்ட்டும் டாப்பெட்டும் முதன்முதலாக உரசிக்கொள்கின்றன. ஐடிலில் அது போதிய அளவு எட்டாது.

பிறகு சாலைக்கு வரவேண்டியதுதான். ஜுரம் தணிந்து எழுந்தவனைப் படுக்கையிலேயே வைத்திருப்பதும் தவறு, உடனே மூட்டை தூக்கச் சொல்வதும் தவறு. மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதமாக அழுத்தி வேகம் கூட்டி, காலை எடுத்து வண்டியைத் தானாகத் தளரவிட்டால், அழுத்துகையில் ரிங் படியும். தளர்கையில் உள்ளே உண்டாகும் வெற்றிடம் எண்ணெயைச் சுவருக்கு இழுக்கும். நெடுநேரம் ஒரே வேகத்தில் செல்வதும், டாப் கியரில் திணறத் திணற மேடேற்றுவதும் ஆகா. அம்பாசடரின் மூதாதையான மோரிஸ் ஆக்ஸ்போர்டு ஓடிய 1950-களின் இங்கிலாந்தில், எஞ்சின் பழகுகிறது, முந்திச் செல்லுங்கள் என்ற பொருள்படப் பின்கண்ணாடியில் எழுதி ஒட்டும் வழக்கம் இருந்தது. எவ்வளவு மரியாதையான வழக்கம்!

சுமார் 800 கிலோமீட்டரில் எண்ணெயை வடித்தால் தேய்ந்த உலோகத் துகள்கள் அதனோடு வெளியேறும். அப்பொழுதே ஹெட் நட்டுகளையும் டாப்பெட் இடைவெளியையும் சரிபார்த்து, சாதாரண மினரல் எண்ணெயையே மறுபடி ஊற்றுவது உத்தமம். அதற்கப்பால் வேகத்தைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே போகலாம். டிப் ஸ்டிக்கில் மட்டம் இறங்குவது நின்றதும், ரிங் செட் ஆகிவிட்டது என்று மெக்கானிக் சொல்வார்.