படத்துக்கேற்ற கோழி

என் மேசைக்கு மேலே ஒரு கோழிப்படம் தொங்குகிறது. டெகட்மியர் 1867இல் லண்டனில் வெளியிட்ட ‘தி பௌல்ட்ரி புக்’ நூலுக்கு ஹாரிசன் வெயர் வரைந்த வண்ணப்படம் ஒன்றின் மறுபதிப்பு. கொச்சின் சேவலும் பெட்டையும். பெயர்தான் கொச்சின்; இங்கிலாந்துக்குப் போனது சீனாவிலிருந்து. பாதம்வரை இறகு, உருண்டையான உடம்பு. வீட்டுக்கு வந்த அக்கா, “இது கோழியா, தலையணையாடா?” என்று கேட்டாள்.

எங்கள் பாட்டி தோட்டத்து லயத்தில் வளர்த்த கோழிகளுக்கு இனப்பெயர் கிடையாது. முட்டை போடுதா, குஞ்சைக் காப்பாத்துதா, அவ்வளவுதான் அவருடைய கணக்கு. விக்டோரியா காலக் கண்காட்சிக்காரர்களின் கணக்கு வேறு. கொண்டை எப்படி, நிறம் எப்படி, இறகு எவ்வளவு என்று 1865இல் டெகட்மியரே ஒரு தரநூலைத் தொகுத்தார். கொச்சின் முதலில் பேர் வாங்கியது நன்றாக முட்டையிடும் கோழியாக. பரிசுக்காக இறகைப் பெருக்கிப் பெருக்கி வளர்த்ததில் முட்டை பின்னுக்குப் போனது. இருந்த கோழியைப் பார்த்துப் படம் வரைந்த காலம் போய், படத்தைப் பார்த்துக் கோழி வளர்க்கும் காலம் வந்துவிட்டது.

இதில் யாரைக் குறை சொல்வது? வெயர் அழகைத்தான் வரைந்தார். தரநூல் இல்லையென்றால் பல பழைய இனங்கள் கலந்து காணாமலே போயிருக்கும். ஆனால் வெயருக்கே பின்னாளில் ஒரு கசப்பு நேர்ந்தது, பூனை விஷயத்தில். 1871இல் கிறிஸ்டல் பேலஸில் பூனைக் கண்காட்சியைத் தொடங்கி வைத்தவர் அவர். பிறகு பூனைச் சங்கத் தலைவர் பதவியை விட்டு விலகினார். உறுப்பினர்கள் பலருக்குப் பூனையின் நலனைவிடப் பரிசுதான் பெரிதாகிவிட்டது என்பது அவர் மனக்குறை.

இதைப் படித்தபோது எனக்கு என் டியூஷன் வகுப்பு ஞாபகம் வந்தது. எஸ்பிஎம் மாணவர்களுக்கு நான் மாதிரிக் கட்டுரை கொடுப்பவன். ஒரு மாணவி, “தாத்தா இறந்த அன்று எனக்குப் பசித்தது, வெட்கமாக இருந்தது” என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, “துயரக் கடலில் மூழ்கினேன்” என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த கட்டுரையில், நான் சொல்லாமலே, அவள் துயரக் கடலில் மூழ்கியிருந்தாள். எல்லாரும் மூழ்கியிருந்தார்கள். நல்ல மதிப்பெண்ணும் வந்தது.

அவளுக்கு அந்த மதிப்பெண் தேவை. அதை நான் மறுக்க முடியாது. மாதிரியே வேண்டாம் என்பது வேலையில் இருப்பவன் சொல்லக்கூடிய வீரம். ஆனால் பசித்ததைப் பசித்தது என்று எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையிடம் அந்த வரி தப்பு என்று சொன்னவன் நான். எந்தத் தேர்வும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.

மாதிரிக் கட்டுரைகளை இன்னும் கொடுக்கிறேன். ஆனால் அப்படியொரு வரி கண்ணில் பட்டால் அடிப்பதில்லை. பக்கத்தில் பென்சிலால், “இது நல்ல வரி. மார்க் குறையலாம். வைப்பதும் எடுப்பதும் உன் விருப்பம்” என்று எழுதுகிறேன். பெரும்பாலும் எடுத்துவிடுகிறார்கள். போன மாதம் ஒருவன் மட்டும் வைத்திருந்தான்.