உருவும் உயிரும்

நாம் வாழும் இந்நகரத்தின் பெயரே ஒரு விலங்கின் பெயர். மகிஷன் ஊர் என்பதே மைசூர் ஆயிற்று என்பர். மகிஷம் என்பது எருமை. வடமொழிப் பெயர் வழங்குவதற்கு முன்பே தமிழ்ப் புலவர் இப்பக்கத்து நாட்டை எருமையோடு சேர்த்தே அறிந்திருந்தனர் போலும். தலையாலங்கானத்துப் போரில் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்து நின்ற எழுவருள் ஒருவனாக ‘எருமையூரன்’ என்னும் தலைவனை நக்கீரர் அகநானூற்றின் 36ஆம் பாடலில் குறிக்கிறார். அவனது நாடு இம்மைசூர் வட்டாரமே என்று அறிஞர் பலர் கருதுவர். பிழைப்பை நாடி எல்லை கடந்து வந்து குடியேறிய நம் போன்றோர்க்கு, ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஒரு பாட்டில் இவ்வூர் தென்படுவது ஓர் ஆறுதல்.

சாமுண்டி மலையின் உச்சிக்குச் செல்வோர் அந்த எருமையைக் காணலாம். ஆனால் எருமையாக அன்று. ஒரு கையில் ஓங்கிய வாள், மறு கையில் படமெடுத்த பாம்பு, அகன்ற கண், முறுக்கிய மீசை, கண்ணைப் பறிக்கும் வண்ணம் என மகிஷாசுரன் மனித வடிவில் நிற்கிறான். தேவியின் கோயிலுக்குச் செல்லும் கூட்டத்தில் பாதி இவன் காலடியில் நின்று படம் எடுத்துக்கொண்ட பின்னரே அவளிடம் போகிறது. சிற்ப நூல் கற்றோர் முகம் சுளிக்கக் கூடும். நமக்கோ அவன்மீது ஒரு பரிவு உண்டு. தோற்றவனுக்கு வென்றவளின் வாசலிலேயே சிலை வைத்து, ஊருக்கும் அவன் பெயரையே வைத்துக்கொண்ட மக்கள் வேறு எங்கே உளர்?

பணி மாற்றத்தால் இவ்வூர்க்கு வந்த நாள் முதல், தமிழகத்திலிருந்து உறவினர் வரும்போதெல்லாம் மலையின் ஆயிரம் படிகளையும் அவர்க்குக் காட்டுவது நமது வழக்கமாகிவிட்டது. அப்படிகளில் பெரும்பகுதி ஏறியதும் பெரிய நந்தி எதிர்ப்படும். 17ஆம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் காலத்தில் அங்கிருந்த ஒரே பாறையைக் குடைந்து வடித்தது. உயரம் ஏறக்குறைய 15 அடி, நீளம் 24 அடி. கழுத்து மணிச்சரங்களைத் தனித்தனியே எண்ணலாம். எண்ணெய் ஏறிக் கறுத்த அவ்வுடலைப் பார்த்தால், எழுந்திருக்கலாமா என்று அது ஆலோசிப்பது போலவே தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருச்சியிலிருந்து வந்திருந்த தம்பியின் குடும்பத்தோடு அங்கே நின்றோம். தேங்காயும் பழமும் படைத்தோம், வலம் வந்தோம், விழுந்து வணங்கினோம். வெளியே பூக்கடை அருகே ஒரு கிழட்டுக் காளை நின்றிருந்தது. விலா எலும்பு தெரிய, ஒரு கொம்பு முறிந்து, யாருக்கும் உரியதல்லாத காளை. மீதிப் பழம் இருந்த பையில் அது வாயை வைத்தது. கையிலிருந்த குடையால் அதன் மூக்கில் ஓங்கி ஓர் அடி கொடுத்தோம். அது பின்வாங்கிற்று. அப்போது தம்பி மகள், எட்டு வயதுச் சிறுமி, “பெரியப்பா, இதுவும் நந்திதானே?” என்று கேட்டாள். பெரியவர்கள் எல்லோரும் சிரித்தோம். ‘அது சாமிம்மா, இது மாடு’ என்று ஏதோ சொல்லி மழுப்பினோம். படியிறங்கும்போது முழங்கால் வலித்தது. கேள்வி அதைவிட வலித்தது.

உருவத்துக்குச் செய்யும் மரியாதை அவ்வுயிருக்குப் போய்ச் சேருகிறதா? அன்றி, உயிருக்குச் செய்யவேண்டியதை உருவத்துக்குச் செய்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்கிறோமா? இதனை அலுவலக நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் நம்மைக் கடிந்துகொண்டார். “உருவம் இல்லாவிட்டால் அன்பே பிறக்காது. புலியைக் கண்டு காதல் கொண்டவன் எவன்? படத்தில் கண்டுதான் குழந்தை புலியை நேசிக்கக் கற்கிறது” என்றார். அவர் வாதத்தில் உண்மை உண்டு. அதை மறுக்கும் எண்ணம் நமக்கு இல்லை. ஆயினும் இந்நகரில் நடந்து பார்க்கப் பார்க்க, உருவங்கள் எல்லாம் ஒரே வகையின அல்ல என்று தோன்றிற்று.

அரண்மனையையே எடுத்துக்கொள்வோம். 1897இல் மரத்தாலான பழைய அரண்மனை எரிந்து, ஹென்றி இர்வின் வரைந்த திட்டப்படி எழுந்து 1912இல் முடிவுற்றது இப்போதுள்ளது. அதன் வளாகத்தில் கால்ட்டன் என்னும் ஆங்கிலச் சிற்பி வார்த்த வெண்கலப் புலிகள் நிற்கின்றன. தோளின் தசையும் வாலின் வளைவும் காடு அறிந்தவன் கைவேலை. இவை புலிக்கு மரியாதை செய்கின்றன என்று ஒப்பலாம். அருகிலுள்ள சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வைத்திருந்த மரப்புலியின் கதை வேறு. கீழே விழுந்து கிடக்கும் ஐரோப்பியன் ஒருவனின் கழுத்தை அது கவ்விக்கொண்டிருக்கும். கைப்பிடியைச் சுழற்றினால் அவன் ஓலமும் புலியின் உறுமலும் கேட்கும். உள்ளே ஓர் இசைக்கருவியும் உண்டு. 1799இல் கோட்டை வீழ்ந்தபோது ஆங்கிலேயர் அதை எடுத்துச் சென்றனர். இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வியப்பான பொருள்தான். ஆனால் அதில் புலி எங்கே இருக்கிறது? அரசனின் சினம் இருக்கிறது, ஆங்கிலேயனின் அச்சம் இருக்கிறது; புலி ஒரு முகமூடி மட்டுமே.

இவற்றுக்கு அப்பால் மூன்றாவது ஒரு வகையும் இவ்வூரில் செழித்திருந்தது. விலங்கைக் கொன்று அதன் தோலைக்கொண்டே அதன் உருவத்தைச் செய்வது. வான் இங்கன் குடும்பத்தாரின் பாடம் செய்யும் தொழிற்சாலை இந்நகரில் 1900ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி 1999 வரை நடந்தது. வேட்டையாடிய அரசரும் ஆங்கில அதிகாரிகளும் அனுப்பிய புலி, சிறுத்தைகளில் மட்டும் 43,000க்கு மேல் அங்கே பாடம் செய்யப்பட்டதாகக் கணக்கிட்டுள்ளனர். அவர் வேலைத்திறன் உலகப் புகழ் பெற்றது. கண்ணாடிக் கண்ணில் உயிர் ததும்பும். உதட்டுச் சுருக்கத்தில் சீற்றம் உறையும். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின் அத்தொழில் தேய்ந்தது. இத்தனை உயிர்ப்பாக ஓர் உருவத்தை ஆக்க, இத்தனை உன்னிப்பாக அவ்விலங்கைப் பார்த்திருக்க வேண்டும் அன்றோ? பார்வை கூர்மையாக இருந்தும் பரிவு அதனுள் புகவில்லை. ஆகவே, கூர்ந்து நோக்கினால் அன்பு தானே வரும் என்ற நமது நண்பரின் நம்பிக்கைக்கு இந்தக் கண்ணாடிக் கண்கள் எதிர்ச்சாட்சி.

நம்மவரான ஆர். கே. நாராயண் இந்நகரின் யாதவகிரியில் வீடு கட்டி வாழ்ந்தவர். அவ்வீடு இன்று அவர் நினைவில்லம். 1961இல் வெளிவந்த ‘தி மேன் ஈட்டர் ஆஃப் மால்குடி’ என்னும் நாவலில் வாசு என்றொரு பாடம் செய்பவனைப் படைத்தார். கோயில் யானை குமாரைச் சுட்டு அதன் உறுப்புகளை விற்க எண்ணும் அம்முரடன், தன் நெற்றியில் அமர்ந்த கொசுவைத் தானே ஓங்கி அடித்து அந்த அடியிலேயே மாள்கிறான். சிரிக்க வைக்கும் முடிவு. இக்கதையை அவர் மால்குடியில் நிகழ்த்தினாலும், மைசூரில் இருந்து எழுதியவர் எதை மனத்தில் கொண்டிருந்திருப்பார் என்று நாம் ஊகிப்பதில் பிழையில்லை.

உயிருள்ள விலங்கையே காட்சிப் பொருளாக வைத்திருக்கும் இடமும் இங்குண்டு. 1892இல் பத்தாம் சாமராஜ உடையார் தொடங்கிய விலங்குக் காட்சிச் சாலை நாட்டின் தலைசிறந்தவற்றுள் ஒன்று. மரநிழலும் தூய்மையும் நிறைந்தது. குறை சொல்ல மனம் வராது. 1995இல் டப்ளின் நகரிலிருந்து அங்கே வந்த போலோ என்னும் கொரில்லா, 2014இல் இறக்கும்வரை தன் இனத்தில் இன்னொன்றைக் காணாமலே இருந்தது. துணை தேடி எடுத்த முயற்சிகள் கைகூடவில்லை. நாம் அதைக் கண்டிருக்கிறோம். அகழிக்கு அப்பால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். மக்கள் கை தட்டுவர், கூவுவர், அது திரும்பாது. நந்தியின் முன் வாய்பொத்தி நிற்கும் அதே மக்கள். கல் திரும்பவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. உயிர் மட்டும் நமக்காகத் திரும்பவேண்டும்.

இங்கேதான் நமக்கு ஒன்று புலனாயிற்று. உருவத்திடம் நாம் தாராளமாக இருப்பதன் காரணம், அது எதையும் கேட்பதில்லை என்பதே. அதற்குப் பசி இல்லை, நாற்றம் இல்லை, முதுமை இல்லை. நம் பையில் வாய் வைப்பதில்லை.

தசரா ஊர்வலத்தை எண்ணிப் பாருங்கள். முன்பு அரசர் அமர்ந்த அம்பாரியில் இப்போது சாமுண்டேசுவரியின் திருவுருவம் அமர்கிறது. அம்பாரியின் எடை ஏறத்தாழ 750 கிலோ. அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை ஐந்து கிலோமீட்டர் அதனை ஓர் யானை சுமக்கிறது. உருவம் மேலே, உயிர் கீழே. நாம் எல்லோரும் மேலே பார்த்துக் கைகூப்புகிறோம். அர்ச்சுனன் என்னும் யானை 2012 முதல் 2019 வரை எட்டு முறை இப்பணி செய்தது. பின்னர் அறுபது வயது கடந்ததென்று அம்பாரி சுமப்பதிலிருந்து ஓய்வு கொடுத்தனர். மத்திய அரசு எழுத்தராகிய நமக்கும் அறுபதில்தான் ஓய்வு. அச்செய்தியைப் படித்தபோது உள்ளூர ஒரு தோழமை தோன்றிற்று. ஆனால் அதற்கு ஓய்வு கிட்டவில்லை. காட்டு யானைகளைப் பிடிக்கும் பணிக்கு அனுப்பப்பட்டு, 2023 டிசம்பர் 4 அன்று ஹாசன் மாவட்டக் காட்டில் காட்டு யானை ஒன்று தாக்கி மாண்டது. ஊரே அழுதது. நாமும் கலங்கினோம். உடனே எழுந்த கோரிக்கை, அர்ச்சுனனுக்கு நினைவுச் சின்னம் வேண்டும் என்பது, அரசும் அறிவித்தது. மீண்டும் ஓர் உருவம்! வேண்டாம் என்று சொல்லோம். அழுகைக்கு ஓர் இடம் வேண்டும். ஆனால் கூட்டம் கோரிய சின்னத்தைவிட, அறுபது கடந்த யானைக்கு இனி எவ்வேலையும் இல்லை என்னும் ஒரு வரி ஆணை நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கோப்புகளோடு வாழ்பவன் புத்தி இது என்று படிப்போர் பொறுத்துக்கொள்க.

அப்படியானால் உயிருக்கு நாம் செய்யவேண்டியது யாது? மயிலுக்குப் போர்வை அளித்த பேகனை நம் முன்னோர் வள்ளல் எழுவருள் வைத்தனர். அக்கொடையைக் கொடைமடம் என்றும் கூறினர். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள், நியாயமே. ஆனால் பேகன் மயிலைத் தன் மகிழ்ச்சிக்காகப் பார்க்கவில்லை. அதற்குக் குளிருமோ என்று பார்த்தான். கொடுத்த பொருளில் தவறினான், பார்த்த பார்வையில் தவறவில்லை. மலைப்படிகளில் குரங்குக்கு பிஸ்கட் பொட்டலத்தை வீசுகிறோமே, அது பேகன் கொடையன்று. குரங்கு வருவதையும் பிய்ப்பதையும் கண்டு நாம் சிரிக்க வேண்டும், அவ்வளவே. அந்தக் குரங்கு பின்னர்ச் சோறு தேடும் பழக்கத்தை மறந்து, பையைப் பறித்துக் கடி கொடுத்தால் ‘தொல்லை’ என்று பிடித்துக்கொண்டு போகச் சொல்வோரும் நாமே.

நம்மோடு வாழ்ந்து நமக்காக உழைத்த விலங்குக்குக் கடன்பட்டிருக்கிறோம். உழவு மாட்டுக்கும் அம்பாரி யானைக்கும் உணவும் ஓய்வும் கொடுப்பது தானம் அன்று, பாக்கி தீர்ப்பது. கன்றை இழந்த பசுவின் மணியோசைக்கு மனுநீதிச் சோழன் எழுந்து வந்தான் என்னும் கதையின் சாரம் அதுவே. காட்டு விலங்கின் நிலை அப்படியன்று. அதற்கு நாம் கொடுக்கத்தக்கது விலகி நிற்றல் ஒன்றே. 2024 டிசம்பர் 31 அன்று இந்நகரின் பெரிய கணினி நிறுவன வளாகம் ஒன்றில் சிறுத்தை ஒன்று கண்ணில் பட்டது. ஊழியரை வீட்டிலிருந்தே பணி செய்யச் சொன்னார்கள். பல நாள் தேடியும் அது அகப்படவில்லை. அந்நாட்களில் ஊரார் பேச்சில், சுட்டுவிடவேண்டும் என்றவர்களும் உண்டு. அது எப்படியாவது போய்ச் சேர்ந்திருக்கவேண்டும் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. இரண்டாவது கூட்டத்தில் நாமும் இருந்தோம். எனினும் நம் வீட்டுப் பிள்ளைகள் இருட்டியபின் வெளியே போகக்கூடாதென்று கதவைத் தாழிட்டவரும் நாமே. அச்சத்தோடு சேர்ந்தே மரியாதை வருவதில் குற்றமில்லை என்று கருதுகிறோம்.

மாலைகளில் குக்கரஹள்ளி ஏரிக் கரையில் நடப்பது நமக்குப் பழக்கம். கூழைக்கடா நாரைகள் நீரில் படகுபோல் மிதக்கும். கீழலகின் பையைத் தொங்கவிட்டு அவை திரும்பும் கோலம் எந்தச் சிற்பியும் துணிந்து செய்யமாட்டாத வேடிக்கை வடிவம். அவற்றுக்கு நாம் ஒரு பொருட்டில்லை. நாம் வந்ததும் போனதும் அவற்றுக்கு ஒன்றே. அந்த அலட்சியம் மனத்துக்கு எத்துணை இதம் தருகிறது!

சென்ற கோடை விடுமுறையில் தம்பி மகள் மீண்டும் வந்தாள். சற்று வளர்ந்திருந்தாள், பழைய கேள்வியை மறந்திருந்தாள். நாம் மறக்கவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தனியே பையில் வைத்துக்கொண்டு படியேறினோம். நந்தியை வணங்கிவிட்டு வெளியே வந்து தேடினோம். காளை இல்லை. பூக்கடை அம்மையாரை விசாரித்தோம். “அதுவா? போன மழைக்கு முன்பே காணோமே, ஐயா” என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அவர் மாலை தொடுக்கத் தொடங்கினார். கைப்பிடிச் சுவர்மேல் நான்கைந்து குரங்குகள் பையையே உற்றுப் பார்த்திருந்தன. பழத்தை வெளியே எடுக்காமல் பையின் வாயை இறுகக் கட்டிக்கொண்டு, குழந்தையின் கையைப் பற்றிக் கீழே இறங்கினோம்.