முன்னோர் தேட்டமும் முன்னோர் கடனும்

முன்னோரை நினைத்தல் சைவ மக்களாகிய எமக்குப் புதிதன்று. ஆடி அமாவாசையில் தந்தையரையும் சித்திரைப் பூரணையில் தாயரையும் நினைத்து விரதமிருக்கின்றோம். கீரிமலையில் தீர்த்தமாடி எள்ளும் நீரும் இறைக்கின்றோம். இல்வாழ்வானின் கடமைகளைச் சொல்லவந்த திருவள்ளுவரும் தென்புலத்தாரையே முதலில் வைத்தார். ஆனால் நாம் நினைப்பது முன்னோரின் பெருமையை மட்டுந்தானா, அல்லது அவர்கள் தீர்க்காது விட்ட கடனையுமா என்பது சிந்திக்க வேண்டியதொரு வினாவாகும்.

இவ்வினா என்னுள் எழக் காரணமாயிருந்தவர் எனது தமக்கையாரின் மகன். கனடாவில் வாழும் அவர் பல வருடங்களாக எமது குடும்பத்தின் வம்சாவளியைத் தொகுத்து வருகின்றார். சென்ற வருடம் ஒரு வாரம் எம்முடன் வந்து தங்கினார். விடியற்காலையில் பழைய உறுதிகளைக் கையிலெடுத்துக்கொண்டு காணி காணியாக நடப்பார். வெயில் ஏறியதும் முதியவர்களிடம் பெயர்களைக் கேட்டு எழுதுவார். பதிவேடுகளைப் பார்க்கப் போவார். துணைக்கு நானும் போனேன்.

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டு தொடங்கியது. அதற்கு முந்திய தலைமுறைகளை அறியக் காணி உறுதிகளே பெரிதும் உதவுவன. இன்னும் பின்னோக்கிச் செல்வோருக்கு ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் உள்ளன. எமது வீட்டுப் பெட்டகத்திலிருந்த உறுதிகளிற் பாதி 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வோடு போயிற்று. மிஞ்சியவற்றைச் செல்லரித்த நிலையிற்றான் காப்பாற்ற முடிந்தது.

உறுதியோடு நடந்தபோதுதான் எமது ஊரை நான் புதிதாகக் கண்டேன். அறுபது வருடங்களுக்கு மேலாக இங்கு வாழ்ந்தும் கவனியாத பல விடயங்கள் கண்ணிற் பட்டன. எல்லையாக எழுதப்பட்டிருந்த ஒழுங்கை இன்று தார் வீதி. கிளுவையும் பூவரசும் நின்ற வேலிகள் மதில்களாகிவிட்டன. காணியை வரகு விதைக்கும் அளவு கொண்டு எழுதியிருக்கின்றார்கள். வரகுப் பயிரைக் கண்ணாற் கண்ட பிள்ளை இன்று ஊரில் இல்லை. எனினும் குளக்கரையில் கொக்குகள் நிற்கின்றன. பனங்கூடலுக்குள் செண்பகம் கூவுகின்றது. கொக்குவில், நாவற்குழி என்று பறவையையும் மரத்தையும் வைத்து ஊர்களுக்குப் பெயரிட்ட எம்மவர், காணித் துண்டுகளையும் அவ்வாறே அழைத்தனர்.

நடக்கும்போது மருமகன் ஒரு கணக்குச் சொன்னார். ஒருவனுக்குப் பெற்றோர் இருவர், அவர்களைப் பெற்றோர் நால்வர். இப்படியே பத்துத் தலைமுறை பின்னோக்கிச் சென்றால் அந்தப் படியில் மட்டும் 1024 பேர் நிற்பர். உறவுக்குள் மணம் முடிப்பதனாற் சிலர் இருமுறை வரலாம், அவ்வளவே. அத்தனை பேரில் நாம் பெயர் சொல்லிப் பெருமைப்படுவது ஒருவரையோ இருவரையோ. அதிலும் பெண்களின் பெயர் பெரும்பாலும் இல்லை.

நான்காம் நாள் காலை ஆலய நந்தவனத்துக்கு வந்தோம். இக்காணியை எனது பேரனார் அம்பாளுக்குத் தருமசாதனம் செய்தாரென்பது ஊரறிந்தது. அதன்பொருட்டே எமது குடும்பத்துக்கு ஒரு திருவிழா உபயமும் முதற் காளாஞ்சியும் வழிவழியாகக் கிடைத்து வருகின்றன. மருமகனின் கையில் அக்காணிக்குரிய முந்திய உறுதிகள் இருந்தன. அது எமது முதுசக் காணியன்று. கணவனை இழந்த ஓர் அம்மையாரின் சீதனக் காணி. அவர் அதனைப் பேரனாருக்கு ஒற்றி வைத்திருக்கின்றார். மீட்க முடியவில்லை. பின்னர் சிறியதொரு தொகை மேலதிகமாகப் பெற்று அறுதியாக எழுதிக் கொடுத்திருக்கின்றார். உறுதியிற் குறித்த கிணறும் இலுப்பை மரமும் இன்றும் அங்கேயே உள்ளன. அந்த இலுப்பையின் எண்ணெயில் அம்பாள் சந்நிதியில் எத்தனை வருடம் விளக்கெரிந்ததோ!

“விடு தம்பி, செத்தவையின்ர கதை இப்ப ஏன்?” என்றேன்.

“இதை எழுதாமல் விட்டால் மற்றதுகளை ஏன் மாமா எழுதுவான்?” என்று கேட்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பேரனார் சட்டத்தை மீறவில்லை. ஒற்றி எமது தேசவழமை ஏற்றுக்கொண்ட முறை; வட்டிக்குப் பதிலாக விளைவை எடுப்பது வழக்கம். அவர் மனத்தில் என்ன இருந்ததென்பதை நாம் அறியோம். இடுக்கண் வந்த வேளையில் உதவியதாகவே அவர் நினைத்திருக்கலாம். அன்றியும், அவரவர் வினை அவரவருக்கே என்பது எமது சைவ சித்தாந்தம். பாட்டன் செய்ததற்குப் பேரன் எவ்வாறு பொறுப்பாவான்? இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அந்தச் சமாதானம் நிலைக்கவில்லை. அவர் வினை எனக்கில்லை என்றால் அவர் செய்த புண்ணியமும் எனக்கில்லை. அப்படியாயின் அவர் பெயரால் வருகின்ற காளாஞ்சியை நான் எந்த உரிமையில் ஏந்துகின்றேன்? பெருமைக்கு மட்டும் வாரிசாகி, கடனுக்கு அந்நியனாவது நேர்மையாகுமா? 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் எழுத்தில் வடித்த அதே தேசவழமை, பெற்றோர் விட்ட கடனைப் புதல்வர் இறுக்கவேண்டும் என்றும், இறுக்க வசதி அப்போது இல்லாவிடினும் பொறுப்பு நீங்காது என்றும் கூறுகின்றது. அது காசுக் கடனைப் பற்றியது. மனக்கடனுக்கு நொத்தாரிசும் இல்லை, காலக்கெடுவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து நாம் இருவரும் அவ்வம்மையாரின் வழித்தோன்றல்களின் வீட்டுக்குச் சென்றோம். உறுதியை வாசித்துக் காட்டினோம். அவர்கள் வியப்படையவில்லை. அவ்வீட்டு முதியவர், “எங்களுக்குத் தெரியும் ஐயா. எங்கட அம்மம்மா கோயிலுக்குப் பூ ஆயப் போனால் அந்த இலுப்பையைத் தொட்டுக் கும்பிட்டிட்டுத்தான் வருவா” என்றார். நாம் மறந்ததை அவர்கள் மூன்று தலைமுறையாகச் சுமந்திருக்கின்றார்கள். ஒரு நாளும் எம்மிடம் கேட்கவில்லை.

காணியைத் திருப்பிக் கொடுக்க இயலாது, அது அம்பாளுக்குரியது. இயன்றதைச் செய்தோம். பரிபாலன சபையாரின் சம்மதத்துடன், எமது உபயத் திருவிழாவின் சங்கற்பத்தில் இனி அவ்வம்மையாரின் பெயரும் சொல்லப்படும். முதற் காளாஞ்சி அவர்கள் வீட்டாருக்கு வழங்கப்படும். மலரில் அவர் பெயரை அச்சிட அவர்கள் விரும்பவில்லை. “அம்பாளுக்குத் தெரிந்தாற் போதும்” என்றனர். மருமகனின் வம்சாவளியிலும் பேரனாரின் பெயருக்குக் கீழே, காணி வந்த வழி உள்ளவாறே எழுதப்பட்டுள்ளது. அதனால் பேரனார் மீது எனக்கிருந்த மதிப்புக் குறையவில்லை. குறையும் நிறையுமுள்ள ஒரு மனிதராக அவரை இப்போதுதான் அறிகின்றேன்.

அடியார்களே! உங்கள் வீடுகளிலும் முதியவர்கள் இருக்கின்றார்கள். அவர்கள் இருக்கும்போதே பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். பெண்களின் பெயர்களை விட்டுவிடாதீர்கள். பழைய உறுதிகளை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு ஒரு காலைப்பொழுது ஊரைச் சுற்றி நடவுங்கள். பெருமை கண்டால் பணிவோடு ஏற்றுக்கொள்ளுங்கள். கடன் கண்டால் மறையாது, இயன்ற வழியில் தீருங்கள். அதுவும் பிதிர்க்கடனே என்பது அடியேனின் துணிபு.

எல்லாம் வல்ல அம்பாளின் திருவருள் யாவருக்கும் கிடைப்பதாக.