கண்சாடையின் அறம்

ஹொங்கொங்கிலும் குவாங்டொங் மாகாணத்திலும் வழங்கும் கன்ரனீஸ் பேச்சுமொழியில் ‘டா ஙான்சிக்’ என்றொரு தொடர் உண்டு. ‘டா’ என்றால் அடித்தல். ‘ஙான்சிக்’ என்றால் கண்பார்வையின் குறிப்பு. பிறர் அறியாவண்ணம் ஒருவருக்குக் கண்ணால் ஒன்றை உணர்த்துவதையே இது குறிக்கும். நாம் கண்சாடை காட்டுதல் என்போம். கூலிக்கு உழைப்பதை அம்மக்கள் ‘டா குங்’ என்பர். பல தொடர்களில் வழங்கும் ‘டா’ இவ்விரண்டிலும் வருவது தற்செயலே. ஆயினும், பிறர் அதிகாரத்தின் கீழ் உழைப்பவனுக்குக் கண்சாடையும் தேவைப்படுகிறது.

இவ்வாறு மறைவாக உணர்த்துவது கோழைத்தனமா? உள்ளதை வாய்திறந்து சொல்வதே நேர்மை என்பார் பலர். வாய்திறப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதையும், அவ்விலை எல்லோருக்கும் சமமாக விதிக்கப்படுவதில்லை என்பதையும் அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஆங்கிலேயர் ஆண்ட ஹொங்கொங்கில், பெரும்பான்மையோர் பேசிய சீனமொழிக்கு 1974 வரை ஆட்சிமொழித் தகுதி கிடைக்கவில்லை. அத்தகைய ஆட்சியின் கீழ், “கவனமாகப் பேசு” என்று சக மனிதனை எச்சரிக்கும் பார்வை தோழமையின் பாற்பட்டது.

அதே சாடை அதிகாரத்தின் கண்ணிற் பிறக்கும்போது வேறொன்றாகிறது. மேலாளர் கண்ணசைக்கிறார், கீழுள்ளவர் செய்து முடிக்கிறார். நாளை விசாரணை வந்தால், “நான் எதுவுமே சொல்லவில்லையே” என்கிறார் மேலவர். எளியவனின் சாடை இன்னொருவனைக் காக்கிறது. வலியவனின் சாடை அவனையே காக்கிறது. சாடையின் அறத்தை நாம் இவ்வளவுகோல் கொண்டே அளத்தல் வேண்டும்.

எனினும், எளியவரின் சாடைக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குச் சாட்சியில்லை, அதைக்கொண்டு உரிமை கோர இயலாது. ஆயிரம் பேர் அறிந்த உண்மையும் இருவர் இருவராகப் பிரிந்து இரகசியமாகவே கிடக்கிறது. 2020 ஜூன் 30ஆந் திகதி ஹொங்கொங்கில் தேசியப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த சில நாட்களில், இளைஞர் சிலர் கடைத்தொகுதியொன்றில் எதுவும் எழுதப்படாத வெள்ளைத்தாள்களை ஏந்தி நின்றனர். 2022 நவம்பரில் பெருநிலச் சீனத்தின் நகரங்களிலும் வெற்றுத்தாள்கள் உயர்ந்தன. அதில் எழுதப்படாததை எல்லோரும் வாசித்தனர். இருவருக்கிடையே ஒளிந்திருந்த சாடை அன்று வீதிக்கு வந்தது.

ஆள்வோர் ஏந்துவது எந்தக் கொடியாயினும், மக்கள் கண்ணாலேயே பேசவேண்டியுள்ள சமுதாயம் முழுவிடுதலை பெற்றதாகாது. முற்போக்காளர் எனப்படுவோர் இதைக் கூறத் தயங்குவாராயின், அவர்களும் யாருடைய கண்சாடைக்கோ காத்திருக்கின்றனர் என்றே கொள்ளவேண்டும்.