ஒட்டுப் படம்

ஒருவர் பேசுகிறார், மற்றவர் செவி சாய்த்துக் கேட்கிறார். படத்தைப் பார்ப்பவர், "அடடா, எத்துணை நெருக்கம்!" என்றுதான் எண்ணுவர். ஆனால், அவ்விருவரும் அப்படி நின்றதே இல்லை! வெவ்வேறு காலத்தில் எடுத்த இரு படங்களை வெட்டினர், ஒட்டினர், ஒன்றாக்கினர்.

1950-ல், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், செனட் தேர்தலின்போது பரப்பப்பட்ட படம் அது. கேட்பவர், 1927 முதல் செனட் உறுப்பினராக இருந்த மில்லார்ட் டைடிங்ஸ். பேசுபவர், கம்யூனிஸ்டுக் கட்சியின் முன்னாள் தலைவர் எர்ல் பிரௌடர்.

டைடிங்ஸ் செய்த குற்றம் யாது? சான்று கேட்டார், அவ்வளவே! அவ்வாண்டு பிப்ரவரியில், வீலிங் நகரிலே, "வெளிநாட்டுத் துறையிலே கம்யூனிஸ்டுகள் உளர், பட்டியல் என்னிடம் இருக்கிறது" என்று முழங்கினார் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி. 205 பேர் என்பது ஒரு கணக்கு. 57 பேர் என்பது மறு கணக்கு! அதிகாரிகள் மீது வீசப்பட்ட அப்பழியை ஆராய்ந்த குழுவுக்கு டைடிங்ஸ் தலைவர். 'இது மோசடி' என்றது குழுவின் பெரும்பான்மை அறிக்கை. உடனே பழி, ஆராய்ந்தவர் மீதே பாய்ந்தது. நவம்பரில் அவர் தோற்றார்.

தோல்விக்கு வேறு காரணங்களும் கூறுவர்; கூறட்டும். நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. அது இணைத்து அமைத்த படம் என்று படத்தின் கீழேயே அச்சிட்டிருந்தனர்! பொய், தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு வந்தது. வரவேற்றோர், பெயரைக் கேட்கவில்லை. எனில், பழியை எறிந்தவன் மட்டுமா குற்றவாளி? ஏந்திச் சென்றவன்? ஐயம் எழுந்தும் வாய் மூடியிருந்தவன்?

"உளவாளிகள் மெய்யாகவே இருந்தனரே!" என்பர். இருந்தனர், மறுப்பதற்கில்லை. ஊரிலே திருடன் உண்டு என்பதால், தெருவிலே போவோனையெல்லாம் திருடன் எனலாமா? அதிகாரத்தில் இருப்போரைக் குறை கூறலாகாது என்பதல்ல நம் வாதம். கூற வேண்டும், கூர்மையாகவே! ஆனால், கண்டனம் சான்றைக் காட்டும், மறுமொழிக்கு இடம் தரும். அவதூறோ, இரண்டுக்கும் அஞ்சும்.

அந்தப் படம் பரவுமுன்பே, 1950 ஜூன் முதல் நாள், செனட் சபையிலே எழுந்து, இத்தகைய பழிதூற்றலைக் கண்டித்தார் மார்கரெட் சேஸ் ஸ்மித் அம்மையார். மெக்கார்த்தியின் கட்சியைச் சேர்ந்தவரே அவர்! உடன் நின்றோர் ஆறே பேர். அச்சபை மெக்கார்த்தியைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது, 1954 டிசம்பரில்: ஆதரவு 67, எதிர்ப்பு 22.

ஏழு பேர் அறுபத்தேழு பேராவதற்கு நாலரை ஆண்டுகள்! அதற்குள் வேலை இழந்தோர் எத்தனை, பெயர் இழந்தோர் எத்தனை! அந்த நாலரை ஆண்டு ஆட்டத்தை நடத்தியது மெக்கார்த்தியின் நாவன்மை மட்டுமா? நல்லவர்களின் நாவடக்கமும் அல்லவா!

"சான்று எங்கே?" இரண்டே சொற்கள். காலத்தில் கேட்டால் ஒரு மனிதனின் மானம் பிழைக்கும். காலங்கடந்து கேட்டால், தீர்மானம்தான் மிஞ்சும்.